கூகைமலைச் சிறுத்தையின் பக்தி

நான்காம் அத்தியாயம்

"புருசன் செத்தா தாலியக் கழட்டணும், சரிங்க. செத்தாரா இல்லையான்னு தெரியாமலே கழட்டணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வாசலில் நின்றபடியே இதைக் கேட்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தலையில் எண்ணெய் இல்லை, காலில் செருப்பு இல்லை, கையில் ஒரு தூக்குவாளி மட்டும் இருந்தது. பெயர் சொர்ணவல்லி. ஊர், குன்றாண்டார்கோவிலுக்கு வடக்கே கூகைமலை அடிவாரம்.

முதல் மூன்று அத்தியாயங்களை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் துப்பறிகிறவர். சமஸ்தானம் இருந்தவரை போலீஸ் கச்சேரியில் ரைட்டராக இருந்தார். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் மதராஸோடு சேர்ந்தபோது அவரைச் செங்கல்பட்டுக்கு மாற்றினார்கள். செங்கல்பட்டுக்காரர்களுக்கு ரசனையோடு திருடத் தெரியாது என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு, வாசலில் 'துப்பறியும் நிபுணர்' என்று பலகை மாட்டினார். முதல் வருடம் முழுக்கத் தொலைந்துபோன எருமைகளைக் கண்டுபிடித்தார். எருமைகளுக்கு அதில் சம்மதம் இருந்ததாகத் தெரியவில்லை.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். குறைவதற்கு இனி ஒன்றுமில்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்: ஆவுடையப்பன். உதவியாளர் வைத்துக்கொள்ள அவருக்கு வசதி இல்லை. அதனால் பிரகதாம்பாளாகிய நான் கூடப் போவேன். மூளை அவருடையது, வாய் என்னுடையது என்று ஊரில் பேச்சு. ஊர் பாதி சரி.

"உக்காரு ஆத்தா. ஒன் வீட்டுக்காரரு யாரு?" என்றார் அவர்.

"ஆண்டிச்சாமிங்க. கூகைமலையில பாரஸ்ட் வாட்சரு. சிறுத்தை தின்னுருச்சுன்னு சொல்றாங்க."

"நீ நம்பலையா?"

"அவரைத் தின்னா எந்தச் சிறுத்தைக்குங்க செரிக்கும்?"

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கூகைமலை சமஸ்தானத்து வேட்டைக்காடாக இருந்தது. சர்க்கார் மாறியதும் ரிசர்வ் காடு ஆனது. அப்புறம் 'பொதுமக்கள் உல்லாச வனம்' ஆனது. அடிவாரத்தில் பயணிகள் தங்க ஒரு முசாபரி பங்களா, மரத்தடிகளில் சிமெண்டு பெஞ்சுகள், உச்சிக்குப் போக வெட்டிவிட்ட மண்பாதை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருச்சியிலிருந்துகூட வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். இயற்கையை ரசிப்பது எப்படி என்பதை அவர்களிடம்தான் கற்க வேண்டும். பாறையைக் கண்டால் தாரால் தங்கள் பெயரை எழுதினார்கள். சுனையைக் கண்டால் சோடா பாட்டிலை உடைத்துப் போட்டார்கள். மயில் தோகை விரித்தால் கல்லை விட்டெறிந்தார்கள். அது பறந்துபோனதும் 'ஆடவே மாட்டேங்குதே' என்று வருத்தப்பட்டார்கள்.

கொஞ்ச காலமாக அந்தப் பாதையில் சிறுத்தைத் தடம் தெரிய ஆரம்பித்தது. வேன்கள் குறைந்தன. இந்த நிலையில் திங்கட்கிழமை இரவு காவலுக்கு ஏறிய ஆண்டிச்சாமி வீடு திரும்பவில்லை. மறுநாள் பாதி மலையில் அவன் தலைப்பாகை ரத்தக்கறையோடு காரைமுள்ளில் தொங்கியது. சிறுத்தையின் தடம் அதற்குச் சற்று முன்னாலேயே நின்றிருந்தது. ஆளைக் கவ்விக்கொண்டு பாய்ந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்கு மேல் ஏறிப் பார்க்க, சிறுத்தை இருக்கிற மலையில், யாருக்கும் வேறு வேலை இல்லாமலா போயிற்று?

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வைக்கல்ல உருவம் செஞ்சு கொள்ளி வைக்கப் போறாங்க. அதுக்கு முன்னால தாலிய எடுத்துரணுமாம்," என்றாள் சொர்ணவல்லி.

"அதுல என்ன அவசரம்?" என்று நான் கேட்டேன்.

"ஆவி கத்துதுங்கம்மா. மூணு நாளா, ராவானா மலையிலேருந்து கத்துது. கொழுந்தனாரு கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டு உள்ளுக்குள்ள படுத்துக்கிறாரு. நான் எந்திரிச்சு ஓடிருவேன்னு என்னைய நாலு பொம்பளைங்க அமுக்கிப் பிடிச்சுக்கிறாங்க."

"ஆவி என்ன சொல்லிக் கத்துது?" என்றார் அவர்.

"'கஞ்சி கொண்டாங்க'ன்னு."

"தண்ணி கேக்கலையா?"

"இல்லீங்க. கஞ்சிதான்."

அவர் மீசையைத் தடவினார். சமஸ்தானம் போன பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆஸ்தி அது.

"தூக்குவாளியில என்ன ஆத்தா?" என்றேன்.

"கேப்பைக் கஞ்சிங்க. ஆவியோ ஆளோ, கேக்குதுல்ல?"

*

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பந்தலடியில் வைக்கோல் மனிதன் ஒருவன் வேட்டி கட்டிப் படுத்திருந்தான். பக்கத்தில் ஆண்டிச்சாமியின் தம்பி சிவசாமி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அழுகைக்கு நடுவே அவன் போட்டிருந்த புதுக் காக்கிச் சட்டையின் மடிப்பு கலையாமலும் பார்த்துக்கொண்டான்.

"என்ன தம்பி, சட்டை புதுசா?" என்றேன்.

"அண்ணன் வேலைய எனக்குத்தாங்க போட்டுத் தரணும். சும்மா அளவு சரியா இருக்கான்னு பாக்கப் போட்டேன்."

"நல்லாத்தான் இருக்கு. அண்ணனைத்தான் காணோம்."

ஆண்டிச்சாமியின் அத்தை மூக்காயி எழுந்து வந்தாள். சடங்குகளுக்கு எல்லாம் அவள்தான் அதிகாரி. அவள் சொர்ணவல்லியின் கையைப் பிடித்தாள். "எங்க போன? எல்லாம் தயாரா இருக்கு. இன்னும் ஒரு ராத்திரி தாண்டுனா அந்த ஆவி வீட்டுக்குள்ள வந்து உக்காந்துரும்."

"பொழுது சாயறதுக்குள்ள வந்துருவோம், அத்தை," என்றார் என் வீட்டுக்காரர், ஏதோ அவளுக்கே மாப்பிள்ளை மாதிரி. "அதுவரைக்கும் தாலியத் தொட வேணாம்."

"நீங்க யாரு?"

"துப்பறியும் நிபுணர்."

"அப்படின்னா?"

"எருமை காணாமப் போனாத் தேடுறவரு," என்றேன். அது அவளுக்குப் புரிந்தது. விட்டுவிட்டாள்.

முசாபரி பங்களாவில் உடையப்பன் இருந்தார். பழைய சமஸ்தான வேட்டைக் கூட்டங்களில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர். முன்னால் நடந்தவர்கள் எல்லாம் போய்விட்டதால் இப்போது தன்னை ஷிகாரி என்று சொல்லிக்கொண்டார். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் தொப்பி. சிறுத்தையைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதரும் அவர்தான்.

"திங்கட்கிழமை ராத்திரி பாதி மலையில மரத்து மேல பரண்ல உக்காந்திருந்தேன் மிஸ்டர் ஆவுடையப்பன். இருட்டுல அது வந்துச்சு. ஒரு குண்டுதான் விட்டேன். பட்டுதா படலையான்னு தெரியல."

"உருவம் தெரிஞ்சுதா?"

"உருவம் தெரியல. கண்ணு தெரிஞ்சுது. சிவப்பா, நெருப்பு மாதிரி."

"ரெண்டு கண்ணுமா?"

உடையப்பன் யோசித்தார். "ஒண்ணுதான். அது ஒத்தைக் கண்ணு சிறுத்தை."

"அந்தக் கண்ணு மங்கி மங்கி எரிஞ்சுதா?"

"ஆமா! ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு, அப்புறம் மங்கி... நீங்களும் பார்த்திருக்கீங்களா?"

"எங்க தெருவுலயே நெறைய இருக்கு," என்றார் அவர். "எவ்வளவு உயரத்துல தெரிஞ்சுது?"

"என் மார் உயரத்துக்கு."

"இதுவரை எத்தனை ஆடு தின்னிருக்கு?"

"ஆடு ஒண்ணும் போகல."

"அடிவாரத்துல இத்தனை ஆடு மேயுதே?" என்றேன் நான். "ஒத்தைக் கண்ணு, ஆட்டைத் தொடாத சைவம். இன்னும் பிரதோஷ விரதம் மட்டும்தான் பாக்கி."

உடையப்பன் சிரிக்கவில்லை. எங்களுக்குப் பாதுகாப்பாகத் துப்பாக்கியோடு கூட வருவதாகச் சொன்னார். எங்களுக்கு அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

*

மலைப்பாதை செம்மண்ணும் சரளையுமாக ஏறியது. இரண்டு பக்கமும் காரை, சூரை முட்புதர்கள். பாலை மரங்களில் குரங்குகள் உட்கார்ந்து, எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்தன. தூக்குவாளியைச் சொர்ணவல்லி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். உயர உயரக் காற்று குளிர்ந்தது. நார்த்தாமலைப் பக்கத்துக் குன்றுகளெல்லாம் யானைக் கூட்டம் படுத்த மாதிரி தெரிந்தன. அவ்வளவு அழகான இடத்தில் ஒரு பாறை முழுக்க 'நண்பர்கள் மன்றம், உல்லாசப் பயணம்' என்று எழுதியிருந்தது. நண்பர்கள் வந்துபோனதை மலை மறந்துவிடக் கூடாதல்லவா.

சிறுத்தைத் தடங்கள் பாதையின் நடுவிலேயே ஏறியிருந்தன. கலெக்டருக்குக் காட்ட வேண்டுமென்று உடையப்பன் அவற்றை ஒவ்வொன்றாகப் பனையோலை போட்டு மூடி வைத்திருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு தூறல் போட்டிருந்தது. அதற்கு முந்தைய தடங்கள் கரைந்து மழுங்கியிருந்தன. தூறலுக்குப் பிறகு பதிந்தவை அச்சு வார்த்த மாதிரி இருந்தன.

"மரியாதை தெரிஞ்ச மிருகம்," என்றேன். "பாதையை விட்டு அங்கிட்டு இங்கிட்டு விலகவே இல்லை."

பாதி மலையில் ஒரு கல் நட்டிருந்தது. குங்குமம் அப்பி, மேலே ஒரு அரிவாள் சாத்தி, அடியில் அணைந்த சுருட்டுகள். எல்லைக் கருப்பர். அங்கிருந்து உச்சி முழுக்கக் கருப்பருடைய இடம். வடக்குச் சரிவில் இன்னொரு கல் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் மறுபடியும் மனிதர்களுடைய மலை. பயத்திலும் பழக்கத்திலும் நானும் அவரும் கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.

"அய்யா, பூட்ஸு," என்றாள் சொர்ணவல்லி.

"எனக்குச் சாமியில நம்பிக்கை இல்லை," என்றார் உடையப்பன்.

"பரவாயில்லை, நீங்க இங்கயே தனியா இருங்க. நாங்க போய்ட்டு வாரோம்," என்றேன்.

அவர் மரங்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அவருக்கு நம்பிக்கை வர அவ்வளவு நேரம்தான் ஆனது.

என் வீட்டுக்காரர் மட்டும் நகரவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரகதா, இங்க பாரு. நம்ம செருப்புத் தடம் எங்க நிக்குது?"

"கல்லுக்கு ஒரு முழம் முன்னால. அங்கதானே கழட்டினோம்?"

"சிறுத்தைத் தடம்?"

கடைசிப் பனையோலையைத் தூக்கிப் பார்த்தேன். இடதும் வலதும் ஒன்றாகச் சேர்ந்து, கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. அதற்கு அப்பாலும் தூறலில் படிந்த மணல்தான். அதில் சிறுத்தை இல்லை. விரல் விரிந்த ஒரு மனிதனின் வெறும் பாதம் மேலே ஏறியிருந்தது.

"ஏங்க," என்றேன், "இந்தச் சிறுத்தை செருப்பைக் கழட்டியிருக்கு."

கேலியாகத்தான் சொன்னேன். அவர் குனிந்து அந்தத் தடத்தை விரலால் அளந்தார்.

"கழட்டித்தான் இருக்கு," என்றார் அவர். "செருப்பு அடியில சிறுத்தைப் பாதம் செதுக்கி ஊரையே ஏமாத்தலாம். சர்க்காரை ஏமாத்தலாம். ஷிகாரியை ஏமாத்துறது அதைவிடச் சுலபம். ஆனா கருப்பர் எல்லையில செருப்போட நடக்க அந்த ஆளுக்குத் தைரியம் வரல. நடுராத்திரி, பாக்க ஒருத்தரும் இல்ல. இருந்தும் கழட்டியிருக்கான்."

"இந்த ஊர்க்காரன்," என்றேன்.

"இந்த ஊர்க்காரன். பட்டணத்துத் திருடனா இருந்தா உச்சி வரைக்கும் தடம் போட்டிருப்பான்."

"அப்ப சிவசாமிதாங்க! காக்கிச் சட்டை தச்சு வச்சுக்கிட்டு அழுறான். சிறுத்தைன்னு புரளி கெளப்பி, அண்ணனை..." சொர்ணவல்லியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினேன்.

"மலையைத் தாண்டிப் பாத்துட்டுச் சொல்லு," என்றார்.

வெறுங்காலோடு உச்சியைக் கடந்து வடக்குச் சரிவில் இறங்கினோம். என் பாதத்தில் குத்திய ஒவ்வொரு சரளைக்கும் சிவசாமியை ஒரு வார்த்தை திட்டினேன். வடக்குக் கல் வந்தது. அவர் எதிர்பார்த்தபடியே அதற்கு அப்பால் சிறுத்தைத் தடம் மறுபடியும் தொடங்கி, கீழே போயிருந்தது. செருப்பை அங்கே மாட்டியிருக்கிறான். ஆனால் எல்லாம் மழுங்கிய பழைய தடங்கள். தூறலுக்குப் பிறகு பதிந்தது ஒன்றுகூட இல்லை.

"தெக்கால புதுத் தடம் ஏறியிருக்கு," என்றார் அவர். "வடக்கால இறங்கல. தெக்காலயும் திரும்பி இறங்கல. சிறுத்தை மேலதான் இருக்கு."

உடையப்பன் துப்பாக்கியை இறுகப் பிடித்தார்.

"சிவசாமி கீழ பந்தல்ல இல்ல இருக்கான்?" என்றேன்.

"அதனால சிவசாமி இல்ல. திங்கட்கிழமை ராத்திரி இந்த மலையில ஏறி இன்னும் இறங்காத ஆளு யாரு?"

பதில் சொல்ல வேண்டியவள் தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பழைய லாரி டயர் ஒண்ணு வாங்கியாந்தாரு," என்றாள் மெதுவாக. "எதுக்குன்னு கேட்டேன். கூரை பறக்காம இருக்க மேல வைக்கன்னாரு. எங்க வீட்டுக்கு ஓடுங்க."

தான் தேடி வந்த புருஷனையும், ஊர் தேடுகிற சிறுத்தையையும் ஒரே நொடியில் கண்டுபிடித்த பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். சந்தோஷப்படுவதா, விளக்குமாற்றை எடுப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"உசுரோட இருக்காராங்க?" என்றாள்.

"ஆவி கஞ்சி கேட்டுச்சுன்னு சொன்னியே, ஆத்தா. அடிபட்டுக் கெடக்கிறவன், இந்த வெயில்ல, முதல்ல தண்ணிக்குத்தான் கத்துவான். இது தண்ணியக் கேக்கவே இல்ல. அப்ப தண்ணி அதுக்குக் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. இந்த மலையில தண்ணி எங்க இருக்கு?"

அவள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

*

சுனை உச்சிக்குச் சற்றுத் தெற்கே, இரண்டு பாறைகளின் மடியில் இருந்தது. தண்ணீர் பச்சையாக, அசையாமல். கரையில் உடைந்த கண்ணாடி மினுங்கியது. ஓர் ஓரமாக வழிந்து, கீழே ஒரு பாறைப் பிளவுக்குள் சொட்டியது. பிளவின் வாயை அத்திச்செடி மூடியிருந்தது.

நாங்கள் கூப்பிட்டோம். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டோம். சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பந்தலில் மேளம் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சொர்ணவல்லியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

பிறகு அவள் பிளவின் ஓரத்தில் மண்டியிட்டு, தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள்.

"இந்தாங்க, கஞ்சி கொண்டாந்திருக்கேன்!"

அப்புறம் ஆழத்திலிருந்து, எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு குரல் வந்தது.

"உப்புப் போட்டியா?"

"ஆவி!" என்று கத்தி உடையப்பன் துப்பாக்கியை நீட்டினார். என் வீட்டுக்காரர் அதன் மூக்கை வானத்துப் பக்கம் தள்ளிவிட்டார். "ஏற்கெனவே ஒரு தடவை சுட்டது போதும்."

என் வீட்டுக்காரரின் வேட்டியையும் மேல்துண்டையும் முடிந்து கயிறாக்கி, அவரும் உடையப்பனும் அவனைத் தூக்கினார்கள். ஆண்டிச்சாமி வற்றிப்போயிருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. சொட்டுகிற தண்ணீரையும் குரங்குகள் உதிர்த்த அத்திப்பழத்தையும் வைத்து உயிரைப் பிடித்திருந்தான். அந்த நிலையிலும் மார்போடு எதையோ அணைத்திருந்தான். டயர் செருப்பு இரண்டு. அடியில் சிறுத்தைப் பாதம், விரல் வேறு உள்ளங்கால் வேறாக, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் வேலைப்பாடு.

சொர்ணவல்லி கஞ்சியை அவன் வாயில் ஊற்றினாள். ஒரு மடக்கு இறங்கியதும் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மறுபடியும் ஊற்றினாள்.

"ஏய்யா இந்த வேலை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சுனையில பாட்டிலு ஒடைக்கிறாகங்க. மயிலு தண்ணி குடிக்க வந்து காலை அறுத்துக்கிட்டு நிக்குது. வேணாம்னு நான் சொன்னா சிரிக்கிறாக. மேல சொன்னா, பொதுமக்கள் உல்லாசம்யா, கண்டுக்காதங்கிறாக. சிறுத்தை ஒரு வார்த்தை சொல்லலீங்க. அத்தனை பேரும் ஓடிட்டாக."

"திங்கட்கிழமை?"

"பீடிய ஒரு இழுப்பு இழுத்து அணைச்சுட்டு, கருப்பர் கல்லுல செருப்பக் கழட்டிட்டு நாலு எட்டு வச்சேன். டமார்னு வெடி. தலைகால் தெரியாம ஓடுனேன். முள்ளு நெத்தியக் கிழிச்சு, தலையில கட்டியிருந்த உருமாலயப் பிடுங்கிக்கிச்சு. இங்க வந்து விழுந்துட்டேன்."

"சுடாதீங்கன்னு கத்தியிருக்கலாமே!" என்றேன்.

"நான் சிறுத்தை இல்லேன்னு கத்துனா வேலை போயிரும். கத்தாட்டி உசுரு போயிரும். எது தேவலைன்னு யோசிக்கிறதுக்குள்ள கால் போயிருச்சும்மா."

என் வீட்டுக்காரர் உடையப்பன் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்த ஒத்தைக் கண்ணு, கணேஷோ சொக்கலாலோ தெரியல, ஏதோ ஒரு பீடி. சர்க்கார் ஊழியரை, டியூட்டியில இருக்கும்போது, நடுமலையில சுட்டிருக்கீங்க."

உடையப்பனின் தொப்பிக்குக் கீழே முகம் சுருங்கியது. "நான்... நான் எதையும் எப்பவும் அடிச்சதில்லை," என்றார். வாழ்நாளிலேயே அவர் சொன்ன முதல் உண்மையாக இருக்கலாம்.

"அதை வெளியில சொல்ல வேணாம். நீங்க சுட்ட சிறுத்தை செத்துப்போச்சு. அதுகிட்டேருந்து தப்பிச்சு ஓடினப்ப வாட்சர் விழுந்துட்டாரு. சம்மதமா?"

சம்மதமில்லாமலா? ஆண்டிச்சாமியை முதுகில் சுமக்கவும் அவரே முன்வந்தார். அத்தனை வருட வேட்டையில் ஷிகாரி உடையப்பன் மலையிலிருந்து எதையாவது சுமந்துகொண்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. (சிறுத்தை சுடப்பட்ட இடத்தைப் பார்க்க அடுத்த மாதத்திலிருந்து இரண்டு மடங்கு வேன்கள் வந்தன. ஆண்டிச்சாமி அதைக் கேட்டபோது ஒடிந்த கால் மறுபடியும் வலிப்பதாகச் சொன்னான்.)

*

பந்தல் எங்களைப் பார்த்ததும் காலியானது. சிவசாமி ஓடிய ஓட்டத்தில் காக்கிச் சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. மூக்காயி மட்டும் நின்றாள்.

"ஆவிக்குக் கால் தரையில பாவாது. எறக்கி நிறுத்து, பாப்போம்."

இறக்கினார்கள். ஒரு கால்தான் தரையைத் தொட்டது.

"பாதிதான் ஆளு," என்றாள் அவள். பிறகு கிட்டே வந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். கேப்பைக் கஞ்சி. அப்புறம்தான் "எங்கப்பனே!" என்று அவன் தலையை அணைத்தாள்.

ஓடினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கட்டிலைக் கொண்டுவந்து அவனைப் படுக்க வைத்தார்கள். எலும்பு கட்டுகிறவருக்கு ஆள் போயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தபோது மூக்காயி வைக்கோல் மனிதனைக் காட்டினாள்.

"இது என்ன செய்ய?"

"பிரிச்சு மாட்டுக்குப் போடுங்க," என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பேரு சொல்லி உருவம் செஞ்சாச்சு. எரிக்காம விட்டா அந்தப் பேருக்காரனைக் கேக்கும்," என்றாள் மூக்காயி. "சடங்கு நடந்தாகணும். சொர்ணம், நீ கழுத்தக் குடு. அப்புறமா நல்ல நாள் பாத்து வேற தாலி கட்டிக்கலாம்."

"மாட்டேன்," என்றாள் சொர்ணவல்லி. இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றாள். பெண்கள் எழுந்தார்கள். அத்தனை தூரம் ஏறி உயிரோடு கொண்டுவந்த மனிதன் கட்டிலில் படுத்திருக்க, அவன் பெண்டாட்டியின் தாலி போகப் போகிறது.

"பேரை மாத்திட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"உருவம் ஒரு சாவைக் கேக்குது. சாவு நடந்திருக்கு, அத்தை. சிறுத்தை செத்திருக்கு. கருப்பர் எல்லையில செத்த ஜீவன். அதுக்கு யாரு கருமாதி செய்வா?"

மூக்காயி யோசித்தாள். "கருப்பரோட மிருகம்தான்," என்றாள் கடைசியில். "செய்யாம விட்டாலும் குத்தம்தான். ஆனா அதோட உடம்புலேருந்து ஏதாச்சும் வேணுமே?"

அவர் துண்டில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து, வைக்கோலின் வயிற்றுக்குள் செருகினார். "பாதம் கெடச்சுது. பிரிச்சுப் பாக்காதீங்க, நல்ல கோலத்துல இல்ல."

பொய்யும் இல்லை. ஆண்டிச்சாமியின் வேலைக்கு ஆபத்தான ஒரே சாட்சியான அந்த டயர் செருப்பு இப்படிச் சடங்கோடு சிதைக்குப் போயிற்று. சிவசாமி கிழிந்த சட்டையோடு கொள்ளி வைத்தான். புகை கரியாக, நாற்றமாகக் கிளம்பியது.

"என்னா பொகை!" என்றார்கள்.

"பாவம் செஞ்ச மிருகம்ல," என்றாள் மூக்காயி. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். "யாராச்சும் அழுங்கடி. அழாத சாவு ஆகாது."

சிறுத்தைக்கு எப்படி ஒப்பாரி வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி சிரித்துவிட்டாள். அப்போது சொர்ணவல்லி கட்டிலுக்குப் பின்னாலிருந்து வந்து, தீக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். புருஷன் காணாமல் போன நாளிலிருந்து அவள் அழவில்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அழுதால் செத்தது நிஜமாகிவிடும் என்று அடக்கி வைத்திருக்கிறாள். ஒரு கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மண்ணை அறைந்து, குரல் உடைந்து அழ ஆரம்பித்தாள். சிரித்தவள் நிறுத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டயர் புகை கண்ணைக் கரிக்கிறது என்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அப்போது அப்படி நிற்க முடிந்தது.

ஆண்டிச்சாமி இரண்டாவது கலயத்துக் கஞ்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"ஏ புள்ள, நான் இங்கிட்டு உசுரோடதானே கெடக்கேன்?"

"நீங்க பேசாம கஞ்சியக் குடிங்க," என்றாள் அவள், அழுகையை நிறுத்தாமல். "நான் சிறுத்தைக்கு அழுவுறேன்."